தேவளாலியில் பிடித்த காய்ச்சல்

மகள் குடும்பம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருக்கிறது. பேரனைப் பார்த்துக்கொள்வதற்காக ஆறு மாதம் அங்கே தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனியாக வசித்தார். அந்த ஊரில் குப்பைத் தொட்டிகளுக்கு நிறம் உண்டு; எந்த வாரம் எந்த நிறத் தொட்டியைத் தெருவோரம் வைக்க வேண்டும் என்பதற்கு அட்டவணையும் உண்டு. ஒரு வியாழக்கிழமை காலை அவர் தம் வீட்டுத் தொட்டியை வெளியே வைத்துவிட்டு, தெரு முழுவதும் வேறு நிறத் தொட்டிகள் நிற்பதைக் கண்டு திகைத்துப்போய் நின்றார். நான் அதை உள்ளே இழுத்துவிட்டு, சரியான தொட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். அவர் நன்றி சொன்னார். பிறகு ஆட்காட்டி விரலால் நெற்றிப்பொட்டின் அருகே ஒரு வட்டம் போட்டுக் காட்டி, "நான் கொஞ்சம் கொஞ்சமாக டூலாலி ஆகிக்கொண்டு வருகிறேன்" என்றார்.

விரல் போட்ட வட்டத்திலிருந்து பொருள் புரிந்துவிட்டது. ஆனால் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நம் காதுக்கு 'லாலி' என்பது கல்யாண வீட்டு ஊஞ்சலில் பாடுவது. குழந்தையைத் தொட்டிலில் இட்டுப் பாடுவது. அவ்வளவு மென்மையான ஓசையுள்ள ஒரு சொல்லால் ஒருவர் தமக்குப் புத்தி தடுமாறுவதைச் சொல்ல முடிகிறதே என்று அன்று பகல் முழுவதும் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு பேரன் தூங்கிய பிறகு ஆங்கில அகராதியில் தேடினேன். சித்தம் கலங்கிய, கிறுக்குப் பிடித்த என்று பொருள் சொல்லியிருந்தது. அடுத்த வரியில் அந்தச் சொல் பிறந்த இடம் இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது. அந்த ஊரின் பெயர் எனக்கு ஏழெட்டு வயதிலிருந்து தெரியும்.

மகாராஷ்டிரத்தில் நாசிக்கை ஒட்டி இருக்கும் தேவ்லாலிதான் அது. எங்கள் சொந்த ஊர் வேலூருக்கு அருகே. வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் நிறைந்த பகுதி. என் சித்தப்பா எழுபதுகளின் தொடக்கத்தில் பீரங்கிப் படையில் சேர்ந்தார். பயிற்சி நாசிக் ரோடு முகாமில் நடந்தது. பின்னாளில் தேவ்லாலியில் இருக்கும் பீரங்கிப் பயிற்சிப் பள்ளிக்கும் அனுப்பப்பட்டார். அவர் எழுதும் நீல நிற உள்நாட்டுக் கடிதங்களை எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆயாவுக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. குளிர், திராட்சைத் தோட்டம், வெங்காய வண்டிகள், சனிக்கிழமைக் குளியல், கிடைக்கவிருக்கும் விடுப்பு என்று அந்தக் கடிதங்கள் போகும். அந்த ஊர்ப் பெயரை ஆயா 'தேவலாளி' என்று சொல்வார். எங்கள் வீட்டில் அது மாதாமாதம் மணியார்டர் வரும் ஊர். அந்தப் பெயர்தான் ஆங்கிலேயர் வாயில் ஒன்றரை நூற்றாண்டு உருண்டு, சிதைந்து, லீட்ஸில் குப்பைத் தொட்டியின் அருகே என்னிடம் திரும்பி வந்திருந்தது.

அன்று முதல் இந்தச் சொல்லைப் பின்தொடர்ந்து படித்துவந்தேன். படித்ததை எழுதிவைப்பதற்குக் காரணம், இதன் கதையைச் சொல்பவர்களில் பலர் ஒரு பைத்தியக்கார மருத்துவமனையைக் காட்டி முடித்துவிடுகிறார்கள் என்பதுதான். கதையின் நடுவில் இருப்பது மருத்துவமனை இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தேவ்லாலியில் பிரிட்டிஷ் ராணுவத்தின் இடைத்தங்கல் முகாம் 1861-இல் அமைந்தது. பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ நூறு மைல் வடகிழக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து மேட்டு நிலத்தில் ஏறியவுடன் வரும் இடம் அது. பம்பாயின் புழுக்கம் அங்கே இல்லை. பம்பாயிலிருந்து தல் கணவாய் வழியாக மலையேறிய ரயில் பாதை 1865-இல் திறக்கப்பட்டபின் கப்பலுக்கும் முகாமுக்கும் இடையிலான போக்குவரத்து எளிதாகிவிட்டது. பிரிட்டனிலிருந்து வந்து இறங்கிய புதிய சிப்பாய்கள் நாட்டின் வெப்பத்துக்குப் பழகிக்கொள்ளவும், தங்கள் படைப்பிரிவு இருக்கும் ஊருக்குப் பிரித்து அனுப்பப்படவும் அங்கே தங்கினார்கள். ஒப்பந்தக் காலத்தை முடித்து ஊர் திரும்பும் சிப்பாய்களும் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். வருகிறவனுக்கு அது வாசல். போகிறவனுக்கோ அது கதவு மூடிக் கிடக்கும் திண்ணை.

கதவு ஏன் மூடிக் கிடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1870-இல் பிரிட்டனில் நிறைவேறிய படைச் சேர்க்கைச் சட்டம், வாழ்நாளின் பெரும்பகுதியைப் படையிலேயே கழித்துவந்த நிலையை மாற்றி, சில ஆண்டுகள் நேரடிப் பணி, மீதி ஆண்டுகள் வீட்டில் இருந்துகொண்டு தேவைப்பட்டால் அழைக்கப்படும் சேமப் படை என்று குறுகிய காலப் பணியைக் கொண்டுவந்தது. இதனால் ஒவ்வோர் ஆண்டும் இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் பணிக்காலம் முடிந்து விடுபட்டார்கள். அதற்கு ஈடாகப் புதியவர்கள் வந்தார்கள். இவர்களை ஏற்றிச் செல்ல செராபிஸ், குரோக்கடைல், யூஃப்ரேட்டீஸ், ஜம்னா, மலபார் என்று ஐந்து பெரிய துருப்புக் கப்பல்கள் 1860-களின் நடுவில் இதற்கென்றே கட்டப்பட்டிருந்தன. 1869-இல் சூயஸ் கால்வாயும் திறந்துவிட்டது. ஆனால் அந்தக் கப்பல்கள் ஆண்டு முழுவதும் ஓடவில்லை. கோடையில் செங்கடலைக் கடப்பது, இரும்பு உடலின் உள்ளே நூற்றுக்கணக்கான ஆட்களை அடுக்கிவைத்த கப்பலுக்குச் சூளைக்குள் நுழைவதைப் போன்றது. அரபிக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்றும் அதே மாதங்களில்தான் வீசும். எனவே துருப்புகள் பயணம் செய்யும் பருவம் என்று ஏறத்தாழ அக்டோபர் முதல் மார்ச் வரை ஒதுக்கப்பட்டிருந்தது. பருவத்தின் கடைசிக் கப்பலைத் தவறவிட்ட ஒருவனின் பணிக்காலம் ஏப்ரலில் முடிந்தால், அடுத்த கப்பல் இலையுதிர்காலத்தில்தான்.

பணி முடிந்துவிட்டது, ஆனால் இன்னும் போக முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்த மாதங்களில்தான் நம் சொல் பிறந்தது. படைப்பிரிவில் இருக்கும்போது ஒரு சிப்பாயின் நாளை ஊதுகொம்பு பகுத்துக் கொடுக்கும். எழுவது, உண்பது, அணிவகுப்பது, துப்பாக்கியைத் துடைப்பது, உறங்குவது என்று எல்லாவற்றுக்கும் ஒரு நேரம். அவனை நேரில் தெரிந்த ஓர் அதிகாரி. கூடவே ஆண்டுக்கணக்கில் சுற்றிய தோழர்கள். முகாமுக்கு வந்தபின் இவை ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகின்றன. நாட்டின் நாலா மூலையிலிருந்தும் வந்த முகம் தெரியாதவர்களோடு, செய்ய வேலையின்றி, கோடை வெப்பத்தில், கையில் கொஞ்சம் பணத்தோடும் கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் சாராயத்தோடும் அவன் விடப்படுகிறான்.

இதைப் பற்றி அந்தக் காலத்துச் சிப்பாய் ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். வேல்ஸ் நாட்டின் சுரங்கப் பகுதியிலிருந்து வந்து, இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் இந்தியாவிலும் பர்மாவிலும் பணிபுரிந்த ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ், 1936-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் தேவ்லாலியைப் பேசுகிறார். பணிக்காலம் முழுவதும் நன்னடத்தை என்று பெயர் வாங்கிய ஆட்கள்கூட அந்த முகாமில் மாதக்கணக்கில் காத்திருந்ததில் தடம் புரண்டு, சிறைத் தண்டனை பெற்று, அதைக் கழித்த பிறகே கப்பல் ஏறினார்கள் என்றும், வேறு சிலர் மேகநோய் வாங்கிக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தார்கள் என்றும் அவர் சொல்கிறார். விநோதமாக நடந்துகொள்பவனைக் குறித்துச் சிப்பாய்கள் சொல்லும் அந்த வழக்கு, அந்த முகாமின் சலிப்பில் ஆட்கள் நடந்துகொண்ட விதத்திலிருந்தே வந்திருக்கும் என்று தாம் நினைப்பதாக அவர் எழுதுகிறார். 'நினைக்கிறேன்' என்று அவர் சேர்த்திருப்பது எனக்கு அவர்மீது நம்பிக்கையைக் கூட்டுகிறது. பணி முடிந்தவர்களை அங்கே அனுப்பிக் காக்கவைக்கும் பழக்கம் தம் முறை வருவதற்கு முன்பே கைவிடப்பட்டுவிட்டது என்றும் அவரே சொல்லிவிடுகிறார். ஆகவே அவர் அறிந்தது மூத்த சிப்பாய்களின் வாய்வழி வந்த செய்தி. காத்திருப்பு ஒழிந்த பிறகும் அதன் பெயர் படையில் புழங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அச்சிலும் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. எட்வர்ட் ஃபிரேசர், ஜான் கிப்பன்ஸ் இருவரும் 1925-இல் வெளியிட்ட படைவீரர், மாலுமிகளின் சொற்றொகுதியில் 'தேவ்லாலி டாப்' என்றும் 'டூலாலி டாப்' என்றும் இரண்டு வடிவங்களைக் கொடுத்து, பித்துப் பிடித்தவன் என்று பொருள் எழுதி, பழைய படை வழக்கு என்று குறித்திருக்கிறார்கள். முதல் உலகப் போர் முடிந்து ஏழாண்டுகளில் வந்த தொகுப்பு அது. அப்போதே இந்தச் சொல் 'பழையது' ஆகிவிட்டது என்றால், பாசறைகளில் அது எத்தனை காலம் அச்சேறாமல் வாழ்ந்திருக்க வேண்டும்!

இங்கே கவனிக்க வேண்டியது, சொல் முதலில் ஒற்றைச் சொல்லாக இல்லை என்பது. 'டூலாலி டாப்' என்பதே முழு வடிவம். 'அவனுக்கு டூலாலி டாப் பிடித்திருக்கிறது' என்று, அம்மை, காமாலை என்று சொல்வதைப் போல ஒரு நோயின் பெயராகவே அதைச் சொன்னார்கள். பின்பாதியான 'டாப்' ஆங்கிலச் சொல்போல ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் அதே ஒலியுள்ள 'tap' என்ற சொல்லுக்கு மெல்லத் தட்டுதல் என்று பொருள். மண்டையில் ஒரு தட்டு வாங்கியவன் என்று கேட்பவர்கள் எளிதாக எண்ணிக்கொள்ளலாம். ஆனால் அது ஆங்கிலம் இல்லை. பாரசீகத்திலும் அதன் வழி இந்துஸ்தானியிலும் 'தப்' என்றால் காய்ச்சல். தேவ்லாலியின் மண்ணின் மொழியான மராத்தியில் இன்றும் காய்ச்சலுக்கு அன்றாடச் சொல் 'தாப்' என்பதே. ஆக, தேவ்லாலிக் காய்ச்சல் என்பதுதான் அந்தத் தொடரின் நேர்ப்பொருள்.

அந்தக் காய்ச்சல் வெறும் உவமையும் இல்லை. மலேரியாவைக் கொசு எப்படிச் சுமக்கிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897 ஆகஸ்டில்தான். அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த முகாமில் படுத்துக் கிடந்தவர்களுக்கு, ஏன் குளிர்நடுக்கம் வருகிறது, ஏன் பிதற்றல் வருகிறது என்று சரியான காரணம் சொல்ல யாராலும் முடியவில்லை. மலேரியா மூளையைத் தாக்கும்போது ஆள் தன்னிலை மறந்து பேசுவான். நாட்பட்ட மேகநோயும் மூளையைத் தொடும். வெயில் கொண்டவனும், குடியை வழக்கமாக்கிக்கொண்டு பின் திடீரென்று நிறுத்தியவனும் இதே தோற்றத்தில்தான் இருப்பார்கள். ஒரு கொட்டகையில் படுத்திருக்கும் நால்வர் நான்கு வெவ்வேறு காரணங்களால் பிதற்றினாலும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்கு எல்லாம் ஒன்றுதான். மருத்துவம் பிரித்துப் பார்க்காததைச் சிப்பாய்கள் ஒரே பெயரில் கட்டிவிட்டார்கள்.

'தப்' என்ற அந்தச் சொல்லை நான் அங்கேயே விட்டுவிட முடியவில்லை. அது பாரசீகத்துக்கும் வடமொழிக்கும் பொதுவான, சூட்டைக் குறிக்கும் மிகப் பழைய வேர். தாபம் என்று நாம் சொல்வது அந்த வேரில் பிறந்ததே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 'தவம்' என்பதையும் 'தபஸ்' என்ற வடசொல்லோடுதான் இணைக்கிறது. தமிழில் தவத்துக்கு இன்னொரு வழக்கு இருப்பது இந்த இடத்தில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. வேலைக்காக, பிள்ளைக்காக, ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதை நாம் 'தவம் கிடப்பது' என்கிறோம். சூட்டைக் குறித்த ஒரு வேர் அங்கே காய்ச்சலாகவும் இங்கே காத்திருத்தலாகவும் ஆகியிருக்கிறது. சிப்பாய்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. மொழிவரலாற்றில் இதற்கு ஒரு தொடர்பு உண்டு என்று நான் வாதிடவும் இல்லை. ஆனால் டூலாலி டாப் என்பதைத் தமிழில் பெயர்த்துத் தா என்று யாராவது கேட்டால், 'தேவ்லாலித் தவம்' என்பதைவிடச் சரியான தொடர் எனக்குக் கிடைக்கவில்லை. கப்பலுக்குத் தவம் கிடந்தவர்களின் காய்ச்சல் அது.

இப்போது அந்த மருத்துவமனைக் கதைக்கு வருகிறேன். தேவ்லாலியில் சித்தம் கலங்கிய சிப்பாய்களுக்கான விடுதி இருந்தது, அதனால் 'தேவ்லாலிக்குப் போகிறான்' என்றாலே பைத்தியம் என்று பொருள் வந்தது என்று பலர் சொல்வார்கள். முகாமில் மருத்துவமனை இருந்தது. நோயாளிகளும் ஊருக்கு அனுப்பப்படக் காத்திருந்தவர்களில் அடக்கம். ஆனால் ரிச்சர்ட்ஸ் காரணமாகச் சொல்வது சலிப்பை; தொடரின் பின்பாதி சொல்வது காய்ச்சலை. பைத்தியக்கார விடுதியை இரண்டிலும் காணோம். இருந்தும் அந்தக் கதை ஏன் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்கிறது என்று எனக்குப் புரிகிறது. ஏனென்றால் நம்மிடமும் அப்படிப்பட்ட சொற்கள் இருக்கின்றன, அவை உண்மையிலேயே மருத்துவமனைகளிலிருந்துதான் வந்தன.

சென்னையில் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்றால் விளக்கம் தேவையில்லை. 1794-இல் தொடங்கி, 1871-இல் இப்போதைய வளாகத்துக்கு மாறிய அரசு மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால், நல்ல மனிதர்கள் குடியிருக்கும் ஒரு பெரிய வட்டாரத்தின் பெயர் வசைச் சொல்லாகிவிட்டது. இலங்கையில் அங்கொடை என்ற ஊர்ப் பெயருக்கும் அதே கதி. லண்டனில் பெத்லஹேம் மருத்துவமனையின் பெயர் தேய்ந்து 'பெட்லம்' ஆகி, கூச்சலும் குழப்பமும் நிறைந்த எந்த இடத்துக்கும் பெயரானது. மராத்தி பேசுபவர்கள் இதே கேலிக்குத் தாணே மருத்துவமனையையோ புனேயின் எரவடா மருத்துவமனையையோதான் சொல்வார்கள், தேவ்லாலியைச் சொல்வதில்லை. தங்கள் மாநிலத்தில் இருக்கும் அந்த ஊரின் பெயரைப் பைத்தியத்தோடு சேர்க்க அவர்களுக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. ஊரில் மனநோயாளிகளின் விடுதி பேர் சொல்லும்படி நின்றிருந்தால், முதலில் கேலி செய்திருக்க வேண்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள் அல்லவா? தேவ்லாலியை அப்படி அறிந்தவன் வெள்ளைக்காரச் சிப்பாய் மட்டுமே, ஏனென்றால் அங்கே காத்துக் கிடந்தவன் அவன் மட்டுமே.

கீழ்ப்பாக்கம் என்று கேலி செய்பவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும்; 29 எண் பேருந்து அந்த வழியாகப் போகலாம், அவருடைய அத்தை வீடுகூட அங்கே இருக்கலாம். டூலாலி என்பவருக்கு அது ஓர் ஊர் என்பதே பெரும்பாலும் தெரியாது. என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. சின்ன வயதில் அவருடைய அம்மா சொல்லிக் கேட்டதாகச் சொன்னார். சொல் ஊரிலிருந்து கழன்றுகொண்ட பிறகுதான் அதன் பொருளும் இளகத் தொடங்கியது. 'டாப்' உதிர்ந்தது. நோயின் பெயராக இருந்தது, ஆளின் நிலையைக் குறிக்கும் அடைமொழியானது. 'அவனுக்கு அது இருக்கிறது' என்பது போய், 'அவன் அப்படி ஆகிவிட்டான்' என்று ஆனது. இன்று கணினி திடீரென்று சொன்னபடி கேட்காவிட்டால் டூலாலி. பேரப்பிள்ளைகள் இனிப்பைத் தின்றுவிட்டு வீட்டைச் சுற்றி ஓடினால் டூலாலி. பூனை நள்ளிரவில் காரணமில்லாமல் திரைச்சீலையில் ஏறினால் டூலாலி. ஒன்றின்மீது அளவு கடந்த ஆசை கொள்வதற்கும் அதே சொல். வசையின் முள் ஏறக்குறைய முழுவதும் ஒடிந்துவிட்டது.

ஓசைக்கும் இதில் பங்கு இருக்கிறது. அந்த ஊரை மராத்தியில் 'தேவளாலி' என்று, நம் ளகரத்துக்கு நேரான எழுத்தை இட்டுத்தான் எழுதுகிறார்கள். இந்தியில் அந்த எழுத்து வழக்கில் இல்லாததால் அது லகரமானது. ஆங்கிலேயர் 'தேவ்' என்பதை ஒரே அசையாகக் குழைத்து 'டூ' ஆக்கி, நடு அசையில் அழுத்தம் கொடுத்து, இரண்டு லகரங்களையும் அடுத்தடுத்து உருளவிட்டார்கள். கிடைத்தது ஏறக்குறைய ஒரு குழந்தைப் பாட்டின் அடி. கடுமையான ஒன்றைச் சொல்வதற்கு அந்த ஓசை ஒத்துழைக்காது. இதே ஊர்ப் பெயர் வல்லின ஒலிகளால் ஆகியிருந்தால் இந்தச் சொல் பாசறையோடு செத்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்தப் படைகள் இந்தியாவிலிருந்து வேறு சொற்களையும் கொண்டுபோயின. வேலை சுகமாக இருந்தால் ஆங்கிலத்தில் 'குஷி' என்பார்கள். நாம் சொல்லும் அதே குஷிதான், வேர் அதே பாரசீகச் சொல். பிரிட்டனைச் செல்லமாகக் குறிக்கும் 'பிளைட்டி', விலாயத்து என்பதன் இந்துஸ்தானி வடிவத்திலிருந்து வந்தது. முதல் உலகப் போரின் அகழிகளில், உயிர் போகாமல் ஊருக்கு அனுப்பும் அளவுக்குப் பட்ட காயத்தைப் பிளைட்டிக் காயம் என்றார்கள். தமிழிலிருந்து போன சுருட்டும் மிளகுத்தண்ணீரும் அதிகாரிகளின் சாப்பாட்டு மேசைக்குப் போயின. ஆனால் குஷி, பிளைட்டி, டூலாலி மூன்றும் சாதாரணச் சிப்பாயின் சொற்கள். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அவன் மனம் முழுவதும் தெரிந்துவிடுகிறது: கொஞ்சம் சுகம் வேண்டும், ஊருக்குப் போக வேண்டும், போக முடியாவிட்டால் பித்துப் பிடிக்கும்.

முகாம் பிரிட்டிஷ் ஆட்சி முடியும்வரை வேலை செய்தது. இரண்டாம் உலகப் போரின்போது மீண்டும் ஆட்கள் அங்கே குவிந்தார்கள். அந்தக் காலகட்டத்தில் அங்கே சிப்பாய்களை மகிழ்விக்கும் நாடகக் குழுவில் இருந்த ஒருவர், பிற்காலத்தில் அந்த அனுபவத்தை வைத்து பிபிசிக்காக ஒரு நகைச்சுவைத் தொடரை இணைந்து எழுதினார். 1974 முதல் 1981 வரை ஒளிபரப்பான அந்தத் தொடரின் கதை தொடங்குவது தேவ்லாலியில்தான். இந்தியப் பணியாளர் வேடத்தில் வெள்ளைக்காரர் ஒருவரை முகத்தில் மையிட்டு நடிக்கவைத்ததற்காக அது இன்று கடுமையாகக் கண்டிக்கப்படுகிறது, கண்டனம் நியாயமானதே. புனேயில் தொடங்கிய ஒரு பீர் நிறுவனம் இந்தச் சொல்லையே தன் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறது. பித்தாகிப் போன பெயர் ஆங்கில எழுத்துகளில் மகாராஷ்டிரத்துக்கே திரும்பி வந்து, விளக்குப் பலகையில் நிற்கிறது.

லீட்ஸிலிருந்து சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்து இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. நிதானமாகக் கேட்டுவிட்டு, "அங்க என்னம்மா பைத்தியம்? காத்தும் தண்ணியும் அவ்ளோ நல்லா இருக்கும்" என்றார். அவர் குரலில் ஒரு வருத்தம் இருந்தது. தாம் இளமையைக் கழித்த ஊரைப் பற்றி யாரோ தவறாகப் பேசிவிட்டதைப் போல உணர்ந்திருப்பார். பிறகு அவராகவே, முதல் விடுப்பு உறுதியான பிறகு ரயில் சீட்டு வருவதற்காகப் பதினோரு நாள் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருந்த கதையைச் சொன்னார். கட்டிய பெட்டியைத் தினமும் இரவில் அவிழ்த்து, ஆயாவுக்கு வாங்கியிருந்த கம்பளியை எடுத்துப் பார்த்து, மறுபடியும் மடித்து வைப்பாராம். அதைப் பார்த்த ஹவில்தார், இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அஞ்சி, தேவையே இல்லாமல் சமையற்கூடத்தில் வெங்காயம் உரிக்கும் வேலை கொடுத்தாராம். இந்தக் கதையை அவர் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஆயாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டியிருப்பேன்.

பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் ஊரின் கதையைச் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தயக்கம் இருந்தது. மறதி கூடிக்கொண்டே போவதால், நினைவாற்றல் சோதனைக்காக அவரை மருத்துவர் எழுதி அனுப்பியிருந்தார்; அதற்கான நாளைக் குறிப்பிடும் கடிதத்தை எதிர்பார்த்திருந்தார். நோயின் பெயரை அவர் ஒருமுறைகூட என்னிடம் உச்சரித்ததில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் டூலாலி என்பார். மருத்துவர் அவரைப் பார்த்து அப்படிச் சொன்னால் அது மரியாதைக் குறைவு. அவரே தம்மைச் சொல்லும்போது, அச்சத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு கைப்பிடித் துணியைப் போல அந்தச் சொல் அவருக்கு இருந்தது. அதன் அடியில் காய்ச்சலும் சிறையும் கிடக்கிறது என்று சொல்லி அதைப் பறித்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

கடைசியில் நான் ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு தேநீர் அருந்தும்போது சொன்னேன். கப்பலுக்குக் காத்திருந்தவர்களைச் சொன்னேன், சித்தப்பாவின் கம்பளியையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். "எத்தனை மாதம் காத்திருப்பார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சில நேரம் ஐந்தாறு மாதம் என்றேன். தலையை அசைத்துவிட்டு எழுந்து, சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியிடம் போனார். ஒவ்வொரு வியாழக்கிழமைக் கட்டத்திலும் தொட்டியின் நிறம் எழுதப்பட்டிருந்தது. அந்த வாரக் கட்டத்தில், நிறத்துக்குக் கீழே, என்னை எழுத்துக்கூட்டச் சொல்லி ஊரின் பெயரை எழுதிக்கொண்டார். கடிதம் அன்றைய தபாலிலும் வரவில்லை.